முத்திரையிடும் கை

ஹீலா செல்களின் கதை பலருக்கும் தெரியும். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண். கருப்பைவாயிலிருந்து அவரைக் கேட்காமலேயே ஆய்வுக்கு எடுக்கப்பட்ட கட்டித் துணுக்கு. அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில், அவருடைய மரணம். அவர் போன பிறகும் அந்தச் செல்கள் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அந்த அநீதியைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் அந்தச் செல்களுக்குள் கிடக்கும் ஒரு விநோதத்தைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. புற்றுநோயைத் தடுக்கும் மரபணுக்களில் முதலிடத்தில் வைத்துப் பேசப்படும் பி53, ஹீலா செல்களில் பழுதில்லாமல் இருக்கிறது.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கும். ஹீலாவில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. மரபணு படிக்கப்படுகிறது, ஆர்என்ஏ வருகிறது, புரதமும் உண்டாகிறது. உண்டான புரதம் வேலையைத் தொடங்குவதற்குள் காணாமற்போய்விடுகிறது.

மரபணுவைத் தலையெழுத்தின் இடத்தில் வைத்துப் பேசுவது நமக்குச் சுலபமாக வந்துவிட்டது. பழைய பிரம்மாவுக்குப் பதிலாகப் புதிய பிரம்மா. எழுதியிருப்பது நடக்கும், எழுத்து கெட்டால் உடம்பு கெடும் என்று ஒரு நினைப்பு. எழுத்து சரியாக இருந்தும் சொல் செல்லுபடியாகாமல் போகக்கூடும் என்பதற்கு இந்தச் செல்களே சாட்சி. அந்தச் சொல்லை யார் செல்லாக்காசாக்குகிறார்கள் என்பதுதான் எனக்கு ஆர்வமூட்டும் கேள்வி.

பி53 என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மற்ற மரபணுக்களின் மேல் போய் அமர்ந்து அவற்றை இயக்கிவிடும் புரதம். டிஎன்ஏவில் அடிபட்டிருந்தால், செல் பிரிவதை நிறுத்திவைக்கும் மரபணுவை எழுப்பும். சேதம் சரிசெய்ய முடியாத அளவுக்குப் போயிருந்தால், செல் தன்னையே மாய்த்துக்கொள்வதற்கான மரபணுக்களை எழுப்பும். ஆக, இந்த ஒரு புரதம் இல்லாமற்போனால் பல மரபணுக்கள் ஊமையாகிவிடும். ஆரோக்கியமான செல்லில்கூட அது நிலைத்து நிற்பதில்லை. சுமார் 20 நிமிடத்தில் இருப்பில் பாதி அழிக்கப்பட்டுவிடுகிறது. பாடுபட்டுக் கட்டியதை உடனுக்குடன் இடிப்பது ஊதாரித்தனமாகத் தோன்றும். ஆபத்து வரும் வேளையில்தான் இதன் கணக்கு புரியும். அந்த நேரத்தில் மரபணுவைப் படித்து, ஆர்என்ஏ எடுத்து, புரதம் கட்டத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். அழிப்பதை நிறுத்தினாலே போதும், சற்று நேரத்தில் பி53 குவிந்துவிடும். செல்லில் அழித்தல் என்பது ஆட்சி செய்யும் முறைகளில் ஒன்று. சுத்தம் செய்யும் வேலை என்று மட்டும் அதை நினைத்ததால்தான் அறிவியல் நெடுங்காலம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

உடம்பின் புரதங்கள் ஓயாமல் கட்டப்பட்டு ஓயாமல் இடிக்கப்படுகின்றன என்பதையே 1930களில் ஒருவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியைவிட்டு நியூயார்க் போன ருடால்ஃப் ஷோன்ஹெய்மர், கனநைட்ரஜன் சேர்த்த அமினோ அமிலத்தை எலிகளுக்கு உணவில் கொடுத்துப் பார்த்தார். தின்றதெல்லாம் எரிபொருளாகி வெளியேறிவிடும், உடம்பின் கட்டுமானம் அப்படியே நிற்கும் என்பது அன்றைய நம்பிக்கை. கொடுத்த நைட்ரஜனில் பெரும்பங்கு எலிகளின் சதையிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பழைய புரதம் போய்ப் புதியது அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. 1941இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். எப்படி அழிகிறது என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

1953இல் மெல்வின் சிம்ப்சன் இன்னொரு புதிரைச் சேர்த்தார். கல்லீரல் செல்களில் புரதம் சிதைவதற்கு ஆற்றல் செலவாகிறது. இது கொஞ்சம் முரணான சேதி. நாம் தின்ற புரதத்தைக் குடல் சிதைக்க ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவையில்லை. உடைப்பதில் ஆற்றல் கிடைக்கத்தானே வேண்டும், எதற்குச் செலவாக வேண்டும்? இஸ்ரேலின் ஹைஃபாவில் ஆவ்ராம் ஹெர்ஷ்கோவும் அவருடைய மாணவர் ஆரோன் சீகனோவரும் 1970களின் பிற்பகுதியில் பிடித்துக்கொண்ட நூல்முனை இதுதான். பிலடெல்பியாவில் இர்வின் ரோஸ் அவர்களுக்குத் துணையாக இருந்தார். முயலின் முதிராத சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார்கள். முதிரும் தறுவாயில் தன் உள்கருவிகளையெல்லாம் அழித்துவிடும் செல் அது. அதன் சாற்றை இரண்டாகப் பிரித்தபோது தனித்தனியே எதுவும் வேலை செய்யவில்லை, சேர்த்தால் செய்தது. ஒரு பாதியில் ஹீமோகுளோபின் மண்டிக்கிடந்ததால் தேடுவது கடினமாக இருந்தது. கொதிக்கவைத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் சேறுபோல் திரண்டு அடியில் தங்கியது, வேலை செய்யும் பொருள் தெளிந்த நீரிலேயே இருந்தது. கொதித்தும் கெடாத அந்தச் சின்னப் புரதம் அழியவேண்டிய புரதங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்வதை அவர்கள் கண்டார்கள், அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலியாக. 1980இல் அதன் அடையாளம் தெரிந்தது. வேறொரு காரியத்துக்காக 1975இல் கிடியன் கோல்ட்ஸ்டீன் பிரித்தெடுத்திருந்த யுபிக்விட்டின்தான் அது. 76 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்டது. 2004இல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

ஆற்றல் செலவாவதற்கு ஒரு காரணம் தேர்ந்தெடுப்பது. ஒரு நொதி யுபிக்விட்டினைத் தயார்செய்கிறது, இரண்டாவது ஏந்திக்கொள்கிறது, மூன்றாவது எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று முடிவுசெய்கிறது. மனிதச் செல்லில் முதல் வகை இரண்டே இரண்டு. இரண்டாவது வகை நாற்பதுக்குப் பக்கம். மூன்றாவது வகையில் அறுநூறுக்கும் மேல். அடையாளம் ஒட்டிய புரதத்தை புரோட்டியசோம் என்னும் பீப்பாய் வடிவக் கூட்டமைப்பு உள்ளிழுத்துத் துண்டாடிவிடுகிறது. யுபிக்விட்டினை மட்டும் கழற்றி வெளியே விட்டுவிடும், அடுத்த வேலைக்கு. அழிக்கும் இடத்துக்கு விவேகம் எதுவுமில்லை. விவேகமெல்லாம் அந்த மூன்றாவது கையில் இருக்கிறது.

இதை மரண முத்திரை என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். எனக்கு அந்தச் சொல்லாட்சியில் உடன்பாடில்லை. வரலாறே வேறு மாதிரி இருக்கிறது. யுபிக்விட்டின் ஒட்டிய நிலையில் முதன்முதலில் கண்டெடுக்கப்பட்ட புரதம் சாகக் காத்திருந்த ஒன்றல்ல. ஹூஸ்டனில் ஐரா கோல்ட்நாஃப், ஹாரிஸ் புஷ் இருவரும் 1970களின் நடுவில் ஆராய்ந்த, ஏ24 என்று பெயரிட்டிருந்த கிளை முளைத்த புரதம் அது. டிஎன்ஏவைச் சுற்றிவைத்திருக்கும் ஹிஸ்டோன்களில் ஒன்றான எச்2ஏவின் பக்கவாட்டில் யுபிக்விட்டின் ஒட்டியிருந்தது. உட்கருவில் உள்ள எச்2ஏவில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இப்படி இருக்கிறது. அழிவதே இல்லை. நம் நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரங்களில் எண் எழுதிவைத்திருப்பார்கள். கணக்கில் உள்ள மரம், காய்ப்பை ஏலம் விடவேண்டிய மரம் என்று பொருள். சாலையை அகலப்படுத்தும் வேலை வந்தால் அதே மரத்தில் வேறொரு குறி விழும். கொஞ்ச நாளில் அடிமரம்கூட மிஞ்சாது. பெயிண்ட் என்னவோ ஒன்றுதான்.

எச்2ஏவில் ஒற்றையாக ஒட்டிய யுபிக்விட்டின், அந்த இடத்து மரபணுவைப் பேசாமல் வைத்திருக்க உதவுகிறது. கல்லீரல் செல் நரம்புச் செல்லின் மரபணுக்களைப் படித்துக் குழம்பாமல் இருப்பதற்கும், பெண்களின் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கியிருப்பதற்கும் இந்த ஏற்பாட்டில் பங்குண்டு. பக்கத்து ஹிஸ்டோனான எச்2பியில் ஒட்டினால் கதை நேர்மாறு. மரபணு படிக்கப்படும் இடங்களில்தான் அது தென்படும். ஒட்டுவதைப் போலவே கழற்றுவதற்கும் நொதிகள் இருக்கின்றன. எச்2ஏவிலிருந்து கழற்றும் பிஏபி1 என்பதன் ஒரு பிரதி பழுதாகப் பிறக்கும் குடும்பங்களில் நுரையீரல் உறைப் புற்றும் கண்ணின் கருநிறப் புற்றும் தலைமுறைதோறும் வருவதை 2011இல் கண்டார்கள். ஒட்டியதை உரிய நேரத்தில் கழற்றாததும் நோய்தான்.

இனி பி53. அதை இயல்பாகக் கண்காணித்து அழிப்பது எம்டிஎம்2 என்ற நொதி. ஆபத்து வந்தால் எம்டிஎம்2 பிடியை விட்டுவிடும். ஹீலாவில் நடப்பது அதுவல்ல. அந்தச் செல்களில் பாப்பிலோமா வைரஸ் 18இன் மரபணுக்கள் கலந்திருப்பதை 1980களில் ஹரால்ட் ஸூர் ஹாவ்ஸனின் குழு கண்டது. அந்த வைரஸ் இ6 என்றொரு சிறிய புரதத்தைச் செய்கிறது. பீட்டர் ஹவ்லியின் ஆய்வுக்கூடத்தில் மார்ட்டின் ஷெஃப்னரும் மற்றவர்களும் 1990இல் அந்த இ6ஐ பி53உடன் முயல் சிவப்பணுச் சாற்றில் கலந்தார்கள். ஹைஃபாக்காரர்கள் கொதிக்கவைத்த அதே வகைச் சாறு. பி53 கரைந்து மறைந்தது. இ6க்கு அழிக்கும் திறமை ஏதும் இல்லை. அது நம்முடைய சொந்த நொதி ஒன்றைக் கைபிடித்து அழைத்துவந்து பி53இன் முன்னால் நிறுத்துகிறது. வைரஸ் கூட்டிவராவிட்டால் அந்த நொதி பி53ஐ ஏறிட்டும் பார்க்காது. 1990களின் தொடக்கத்தில் அதைப் பிரித்தெடுத்து இ6ஏபி என்று பெயரிட்டார்கள். இ6இன் கூட்டாளி என்ற பொருளில் வைத்த பெயர். பாவம், குற்றவாளியின் பெயரையே அதற்கும் சூட்டிவிட்டார்கள்.

வைரஸ் புரதங்களை அடக்கினால் என்ன ஆகும் என்று யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் குட்வினும் டேனியல் டிமாயோவும் 2000இல் செய்து பார்த்தார்கள். அரை நூற்றாண்டாக நிற்காமல் பிரிந்துகொண்டிருந்த ஹீலா செல்களில் பி53 எழுந்தது. அது எழுப்பவேண்டிய மரபணுக்கள் எழுந்தன. செல்கள் பிரிவதை நிறுத்தி மூப்படைந்தன. அத்தனை காலமும் தடுக்கும் ஏற்பாடு செயலற்றுக் கிடந்ததே தவிர அழிந்துபோகவில்லை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

இந்த வைரஸால் வரும் கருப்பைவாய்ப் புற்று தமிழ்நாட்டில் அயலார் கதையல்ல. சென்னைப் பெண்களிடையே அதுவே முதலிடத்தில் இருந்த காலம் ஒன்று இருந்தது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் 30 முதல் 59 வயதுவரையான பெண்களின் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வெண்மையாகத் திரண்டால் சந்தேகம். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை செய்யும் சோதனை. ஏழாண்டுத் தொடர்தலில், சோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றால் நேரும் சாவு மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007இல் லான்செட் இதழில் அது வெளியானது. மூலக்கூறு அறிவியல் எதுவும் தேவைப்படாத மருத்துவம். இன்று தடுப்பூசியும் இருக்கிறது. இ6 உள்ளே நுழையும் வாய்ப்பையே அது அடைத்துவிடுகிறது. இவ்வளவும் இருக்க, நம் பெண்கள் இன்னும் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவதற்கு எந்த நொதியையும் குறை சொல்ல முடியாது.

இ6ஏபியின் கதை இத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு துரோகியின் கதை. 1997இல் வேறொரு திசையிலிருந்து அதே புரதம் வந்து நின்றது.

இங்கிலாந்தின் வாரிங்டனில் குழந்தை மருத்துவராக இருந்த ஹாரி ஏஞ்சல்மன் மூன்று குழந்தைகளைப் பார்த்திருந்தார். வெவ்வேறு சமயத்தில் வந்த, ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத குழந்தைகள். பேச்சு வரவில்லை, வலிப்பு இருந்தது, நடை வெட்டி வெட்டி இழுத்தது. அடிக்கடி சிரித்தார்கள். ஒரே நோய் என்று அவர் மனம் சொன்னது. காட்ட ஆதாரம் இல்லாததால் எழுதத் தயங்கினார். இத்தாலிக்கு விடுமுறையில் போனவர் வெரோனாவின் காஸ்தெல்வெக்கியோ அருங்காட்சியகத்தில் கரோத்தோ வரைந்த ஓவியம் ஒன்றின் முன் நின்றார். செந்தலைச் சிறுவன் ஒருவன் தான் கிறுக்கிய பொம்மைப் படத்தைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு எழுதத் தூண்ட, 1965இல் பொம்மைக் குழந்தைகள் என்று தலைப்பிட்டுக் கட்டுரையை வெளியிட்டார். பெற்றோர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, நியாயம்தான். இப்போது நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. சுமார் 15,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. ஏஞ்சல்மன் 1996இல் இறந்தார். அடுத்த ஆண்டே காரணமான மரபணு 15ஆம் குரோமோசோமில் அகப்பட்டது. அது செய்யும் புரதம், கருப்பைவாய்ப் புற்றில் பிடிபட்ட அதே இ6ஏபி.

அங்கே அழைத்துவரப்பட்டதால் நோய், இங்கே இல்லாமற்போனதால் நோய். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் நல்ல மரபணு, கெட்ட மரபணு என்ற பேச்சு எனக்கு முற்றாக அலுத்துப்போனது.

மூளையில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நரம்புச் செல்களில் தாயிடமிருந்து வந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. தந்தையின் பிரதி நல்ல நிலையில் இருந்தாலும், அதற்கு எதிர்த்திசையில் படிக்கப்படும் ஓர் ஆர்என்ஏ அதை வாயடைத்து வைத்திருக்கிறது. தாயின் பிரதி பழுதானால் கைகொடுக்க ஆளில்லை. அதே பகுதி தாய்வழியில் இரட்டித்து வந்தால் ஆட்டிசமும் வலிப்பும் வருகின்றன. ஆக, குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. மூளையில் இந்த நொதி எந்தப் புரதத்தின் மேல் அடையாளம் ஒட்டத் தவறுவதால் நோய் வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. 2010இல் ஒரு புரதத்தைச் சுட்டினார்கள், மூன்றாண்டில் அதற்கு மறுப்பு வந்தது. 2019இல் ராட்டர்டாமில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வு, இந்த நொதியின் உட்கருவுக்குள் இருக்கும் வடிவம் இல்லாமற்போவதே நோய்க்குக் காரணம் என்று காட்டியது. மரபணுக்கள் குடியிருக்கும் அறைக்குள்தான் அதன் வேலை என்பது அதனால் வலுப்பட்டிருக்கிறது.

தந்தையின் பிரதியை எழுப்ப முடியுமா என்று வட கரோலினாவில் ஒரு குழு மருந்துகளை வரிசையாகச் சோதித்துப் பார்த்தது. 2011இன் முடிவில் அவர்கள் அறிவித்த மருந்துகளில் டோப்போடிக்கான் இருந்தது. முற்றிய கருப்பைவாய்ப் புற்றுக்கு அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்ற மருந்து. தற்செயல்தான், இதில் பெரிய அர்த்தம் தேட வேண்டாம். குழந்தைகளின் மூளைக்குக் கொடுக்கத்தக்க மருந்தல்ல அது. ஆனால் கதவு திறக்கும் என்று தெரிந்துவிட்டது. வாயடைக்கும் அந்த ஆர்என்ஏவைக் குறிவைத்து, முதுகுத்தண்டு நீரில் ஊசியாகச் செலுத்தும் மருந்துகள் இப்போது குழந்தைகளிடம் சோதிக்கப்படுகின்றன. 2020இல் அவற்றுள் ஒன்றை அதிக அளவில் பெற்ற ஐந்து பேருக்குக் கால்கள் தளர்ந்தன. சோதனை நிறுத்தப்பட்டது, அவர்கள் மீண்டார்கள், அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினார்கள்.

வைரஸ் செய்த தந்திரத்தை மனிதன் தெரியாமலேயே செய்த வரலாறு ஒன்றும் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1957இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு தூக்கத்துக்கும் கர்ப்பிணிகளின் மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் திரும்பப் பெறுவதற்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்துவிட்டிருந்தன. அந்த மாத்திரை உடம்பில் எதைப் பிடிக்கிறது என்று தெரியவர 2010 ஆயிற்று. டோக்கியோவில் ஹிரோஷி ஹாண்டாவின் குழு அதைக் கண்டது. அடையாளம் ஒட்டும் கூட்டமைப்பு ஒன்றின் உறுப்பான செரெப்ளான் என்ற புரதத்தில் மருந்து போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் செரெப்ளான் தான் சீண்டவே சீண்டாத புரதங்களைப் பிடிக்கத் தொடங்குகிறது. அவற்றில் எஸ்ஏஎல்எல்4 ஒன்று என்று 2018இல் தெரிந்தது. கருவில் கைகால் உருவாகத் தேவையான மரபணுக்களை இயக்கும் புரதம். அந்த மரபணுவே பழுதாகப் பிறப்பவர்களின் கைகள் தாலிடோமைடு குழந்தைகளின் கைகளைப் போலவே இருக்கும். எலிகளின் செரெப்ளானில் ஓர் அமினோ அமிலம் வேறு, எலிக்குட்டிகளுக்கு ஒன்றும் ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம். முயல்களுக்கு ஆகும்.

எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா புற்றுக்கு அதே தாலிடோமைடு பலன் தருகிறது என்று 1999இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் கண்டார்கள், ஏன் என்று தெரியாமலேயே. காரணம் 2014இல் தெரிந்தது. அதன் வழித்தோன்றலான லெனலிடோமைடு, செரெப்ளானை இக்காரோஸ், அயோலோஸ் என்னும் இரண்டு புரதங்களிடம் அழைத்துச் செல்கிறது. மைலோமா செல் உயிர்வாழத் தேவையான மரபணுக்களை இயக்குபவை அவை. அவை அழிந்தால் செல் மடிகிறது. இந்த வித்தையை அறிந்தே செய்யும் மருந்துகளை, அழிக்க வேண்டியதையும் அழிக்கும் நொதியையும் ஒரே மூலக்கூறால் கட்டிவைக்கும் மருந்துகளை, 2001 முதல் வடிவமைத்துவருகிறார்கள். லெனலிடோமைடு இந்தியாவிலேயே தயாராகி நம் மருத்துவமனைகளில் மைலோமா நோயாளிகளுக்கு வழங்கப்படுகிறது. கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது என்ற கடும் எச்சரிக்கை அதன்மேல் இருக்கும். இக்காரோஸிடம் போகும் அதே கை எஸ்ஏஎல்எல்4 இடமும் போகிறது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றிடம் மட்டும் போகச் சொல்ல இந்த மாத்திரைக்குத் தெரியாது.